நாலு நாவல், ஆறு சனிக்கிழமை: எங்கள் வட்டம் எதை வாசிக்கலாம்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடுகிறது. பதினோரு நாற்காலி, ஒரு கெட்டில் தேநீர், யாராவது செய்து எடுத்துவரும் வடை, அவ்வளவுதான். என்னையும் சேர்த்து ஐந்து பேர் அறுபதை எட்டிப் பிடித்தவர்கள் அல்லது தாண்டியவர்கள். மற்ற ஆறு பேரும் நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு பிறந்து, சனிக்கிழமை வகுப்பில் எழுத்துக் கூட்டித் தமிழ் படித்த பிள்ளைகள். நாவலை இங்கிலீஷில் வாசிப்போம், பேச்சைத் தமிழில் வைத்துக்கொள்வோம், தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் சொல் எடுத்துக் கொடுப்பார்.

போன கூட்டம் முடியும்போது செவிலியர் படிப்பு படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, மேல இருந்தவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு புரியுது. மத்தவங்க எல்லாம் ஏன் அதுக்குப் பழகிப் போனாங்க?" இன அடுக்கு பற்றித்தான் கேட்டாள், அவளுக்குப் பாடப்புத்தகத்தில் வருகிற விஷயம் அது, எங்களுக்கு வாழ்ந்த விஷயம். ஐந்து கிழங்களும் வாய் மூடி உட்கார்ந்திருந்தோம். பதில் தெரியாததால் அல்ல, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததால். அப்போதுதான் ஒருவர், மனிதரை அடுக்கி வைத்து அந்த அடுக்கிலேயே திருப்தியாக இருக்கும்படி மனசைப் பழக்குகிற கதைகள் நிறைய இருக்கின்றனவே, அதில் ஒன்றை எடுத்து ஆறு வாரம் பேசுவோம் என்றார். உடனே நாலு பெயர் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நாலையும் இரண்டு மாதத்தில் திரும்பவும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வட்டம் இருந்தால் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லார் வாயிலும் வந்தது ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. 1949 ஜூனில் வெளிவந்த நாவல். டர்பனில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே அந்தப் பெரிய கலவரம் நடந்து 142 பேர் செத்தார்கள், அடுத்த ஆண்டே ஆளை இனம் பிரித்துப் பதிவு செய்யும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும், இனத்துக்கு ஓர் இடம் என்று ஒதுக்கும் குழுப் பகுதிச் சட்டமும் வந்தன. அதனால் எங்கள் மூத்தவர்களுக்கு இந்த நாவலும் இங்கே நடந்த கதையும் ஒரே காலத்துச் சரக்கு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. நாவலின் நாட்டில் உள்கட்சி என்ற மேல்தட்டு நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வெளிக்கட்சி பதின்மூன்று பேர். மீதி எண்பத்தைந்து பேர் 'புரோல்', உழைப்பாளி மக்கள். கதாநாயகன் வின்ஸ்டன் வெளிக்கட்சிக்காரன், பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதி, நேற்று நடந்ததை இன்றைக்கு ஏற்றபடி மாற்றுவது அவன் வேலை.

இந்த இடம் எங்களுக்குச் சுடும். நிறவெறி ஆட்சியை எதிர்த்த போராளி அகமது திமோல் 1971இல் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து செத்தபோது, அடுத்த ஆண்டு விசாரணை அதைத் தற்கொலை என்று எழுதி வைத்தது. 2017இல்தான் நீதிமன்றம் அதை மாற்றி, அது கொலை என்று சொன்னது. நாற்பத்தைந்து ஆண்டு ஒரு பொய் அரசாங்கத் தாளில் உண்மையாக இருந்தது. வின்ஸ்டனின் மேசையை எங்கள் மூத்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நமது கேள்வி மேல் கீழ் அடுக்கும் மனசைப் பழக்குவதும்தானே. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த நாவலில் ஒரு விஷயம் உறுத்துகிறது. கட்சி தன் பலத்தையெல்லாம் அந்தப் பதின்மூன்று பேர் மேல்தான் செலவழிக்கிறது. வீட்டுச் சுவரில் கண்காணிக்கும் திரை, தினமும் வெறுப்புக் கூட்டம், சொற்களைக் குறைத்துக் குறைத்து யோசனையையே குறைக்கும் புதிய மொழி எல்லாம் அவர்களுக்கு. எண்பத்தைந்து பேரை லாட்டரி, பீர், கால்பந்து என்று விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலான புரோல் வீடுகளில் திரைகூட இல்லை. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் முற்றத்தில் துணி காயப்போடுகிற அந்தத் தடித்த அம்மாள்தான். வாய் நிறையத் துணிக் கவ்விகள், கொடி முழுக்கக் குழந்தைத் துணிகள், வாயில் கவ்வி இல்லாத நேரத்தில் எந்திரம் எழுதிக் கொடுத்த மட்டமான பாட்டைக்கூட உருகிப் பாடுகிறாள். வின்ஸ்டன் மாடி சன்னலிலிருந்து பார்த்து, நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் இவர்களிடம்தான் என்று நினைக்கிறான். அழகான இடம், ஆனால் இங்கே அடித்தட்டு மக்களை யாரும் அப்படி விட்டுவைக்கவில்லை. பாஸ் புத்தகம் என்ற அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் அன்றைக்கு ஓர் ஆப்பிரிக்கர் நகரத்தில் நடக்க முடியாது. 1953இல் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கென்று பாண்டு கல்விச் சட்டம் கொண்டுவந்த அமைச்சர் ஃபெர்வூர்ட், வெள்ளையர் சமூகத்தில் சில வகைக் கூலி வேலைக்கு மேல் அவர்களுக்கு இடமில்லை, பயன்படுத்த முடியாத குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்று வெளிப்படையாகவே பேசினார். கீழே இருப்பவர்களை அங்கேயே வைத்திருக்கப் பள்ளிக்கூடத்தையே கட்டினார்கள். ஆர்வெலின் நாவலில் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும், வர்க்க அடுக்கு பற்றி நேரடியாகப் பேசும் பக்கங்கள் நாலு நாவலில் இதில்தான் அதிகம். கதைக்குள் ஒரு தடை செய்யப்பட்ட புத்தகம் வருகிறதே, அதில் மேலோர், நடுவோர், கீழோர் என்று மூன்றாகப் பிரித்து, நடுவோர் கீழோரைச் சேர்த்துக்கொண்டு மேலோரைக் கவிழ்ப்பதும் கவிழ்த்தபின் கீழோரைப் பழைய இடத்துக்கே தள்ளுவதும்தான் வரலாறு என்று எழுதியிருக்கும். ஒரு முழு சனிக்கிழமைக்குத் தீனி. என்றாலும் எனக்கு ஒரு பயம். இந்த நாவலை எங்கள் வட்டத்தில் வாசித்தால் பதினோரு பேரும் வின்ஸ்டன் ஆகிவிடுவோம். நம்மை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்று ஆறு வாரம் பேசிவிட்டு, மனம் லேசாகி வீட்டுக்குப் போவோம். அந்தப் பெண் கேட்ட கேள்வி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது லாரன் பியூக்ஸின் 'மாக்ஸிலேண்ட்'. 2008இல் வந்தது, நம் நாட்டு எழுத்தாளர், நடப்பது கேப் டவுனில். பிள்ளைகள் ஆறு பேரும் இதைத்தான் கேட்டார்கள். கைப்பேசிதான் அங்கே அடையாள அட்டை, கதவுச் சாவி, பணப்பை எல்லாம். போலீஸ் நினைத்தால் அதே கைப்பேசி வழியாக மின்சார அடி கொடுக்கும், குற்றம் பெரிதென்றால் இணைப்பையே துண்டிக்கும், துண்டித்தால் பேருந்தில்கூட ஏற முடியாது. அடுக்கு இப்போது தோல் நிறத்தால் இல்லை, எந்தக் கம்பெனிக்கு நீ வேலை செய்கிறாய் என்பதால். லெராட்டோ என்ற பெண் பாத்திரம் எனக்கு மனசில் நின்றது. எய்ட்ஸில் பெற்றோரை இழந்து, கம்பெனி நடத்தும் பள்ளியில் வளர்ந்து, கம்பெனிக்கே உழைத்து மேலே போகிறவள். பசியோடு இருக்கிற குழந்தைக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து வளர்த்தால் அது யாருக்கு விசுவாசமாக இருக்கும் என்பதை விளக்கமே இல்லாமல் காட்டிவிடுகிறார். நாலு பேர் மாற்றி மாற்றிக் கதை சொல்கிறார்கள், வேகம், தெருப் பேச்சு, போதை, கெட்ட வார்த்தை. எழுபத்திரண்டு வயது அக்கா ஒருவர் முதல் இருபது பக்கம் வாசித்துவிட்டு, கதை நன்றாகத்தான் இருக்கும்போலிருக்கிறது, ஆனால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை என்றார். பிள்ளைகள் மட்டும் இருக்கும் வட்டமாக இருந்தால் யோசிக்காமல் இதைக் கொடுத்திருப்பேன். இரண்டு தலைமுறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்னும்போது, பாதிப் பேர் மொழியிலேயே தோற்றுப்போகிற புத்தகம் சரிவராது.

(ஹெச். ஜி. வெல்ஸின் 'டைம் மெஷினை'யும் ஒருவர் சொன்னார். 1895இல் வந்தது, 802701ஆம் ஆண்டில் முதலாளி வர்க்கம் ஓர் உயிரினமாகவும் தொழிலாளி வர்க்கம் பூமிக்கு அடியில் வாழும் வேறோர் உயிரினமாகவும் பிரிந்துபோன கதை. சின்னப் புத்தகம், இரண்டே வாரத்தில் முடிந்துவிடும். இன்னொரு சமயம் பார்ப்போம்.)

மூன்றாவதுதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ', 2005. இங்கிலாந்தில் ஹெய்ல்ஷம் என்று ஓர் அழகான விடுதிப் பள்ளி, பச்சை மைதானம், ஓவிய வகுப்பு, வில்லைகளைக் கொடுத்துச் சின்னச் சின்னப் பொருள் வாங்கும் சந்தை. அங்கே வளர்கிற பிள்ளைகள் நகலெடுத்து உருவாக்கப்பட்டவர்கள், பெரியவர்களானதும் மற்றவர்களின் நோயைத் தீர்க்க உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சாக வேண்டியவர்கள். கதை சொல்கிற கேத்திக்கு 31 வயது. பல ஆண்டுகளாகத் தன்னைப் போன்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள், அவர்கள் ஒவ்வொருவராகப் போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், தன் வேலையை நன்றாகச் செய்ததில் அவளுக்குப் பெருமைகூட இருக்கிறது.

வேலி இல்லை. காவலாளி இல்லை. கார் ஓட்டுகிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள், பெட்ரோல் நிலையத்தில் காபி குடிக்கிறார்கள். ஒருவரும் ஓடவில்லை. அதிகபட்சம் அவர்கள் ஆசைப்படுவது உண்மையாகக் காதலிக்கிறவர்களுக்கு மூன்று நாலு வருஷம் தள்ளிப்போடுவார்கள் என்ற ஒரு வதந்தியைத்தான். அந்த வதந்தியையும் மிகவும் மரியாதையாகப் போய்க் கேட்கிறார்கள். சலுகை கேட்கத் தெரிகிறது, உரிமை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.

அந்தப் பள்ளியில் மனசைப் பழக்கும் முறையை லூசி என்ற ஆசிரியை ஓரிடத்தில் போட்டு உடைக்கிறார். பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லப்பட்டும் இருக்கிறது, சொல்லப்படாமலும் இருக்கிறது. கேத்தியின் நண்பன் டாமி பின்னால் ஊகிப்பதுபோல, புரிந்துகொள்ளும் வயதுக்குச் சற்று முன்பே ஒவ்வொரு விஷயமும் காதில் போடப்படுகிறது. அதனால் புரியும்போது அது பழைய செய்தியாகிவிடுகிறது, அதிர்ச்சி இல்லை.

இது எவ்வளவு உண்மை என்று நான் எங்கள் வீட்டுக் குழாயடியிலேயே தெரிந்துகொண்டேன். சாட்ஸ்வொர்த்தில் யூனிட்டுக்கு ஓர் எண் போட்டு எங்களைக் குடிவைத்த காலம், எனக்கு ஆறேழு வயது. வாரத்துக்கு இரண்டு நாள், பக்கத்து ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து ஓர் அம்மா துணி துவைக்க வருவார். அவரை ஓர் இங்கிலீஷ் பெயரால் கூப்பிடுவோம், அவருடைய ஜூலுப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பின்வாசல் குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி, அந்த ஆணியில் அவருக்கென்று ஒரு எனாமல் குவளை தொங்கும். வெள்ளைக் குவளை, நீல விளிம்பு, கைப்பிடிக்குக் கீழே எனாமல் பெயர்ந்து கறுப்பாக ஒரு நாணயம் அளவு தெரியும். ஆயா, அதாவது என் பாட்டி, தேநீரைத் தூக்கி ஊற்றுவார், கெட்டில் மூக்கு குவளையில் படாது. அந்தக் குவளையில் நான் ஒரு நாளும் தண்ணீர் குடித்ததில்லை. குடிக்காதே என்று எனக்கு ஒருவரும் சொல்லவும் இல்லை. யோசித்துப் பார்க்கிறேன், யார் எப்போது எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு நினைவும் இல்லை. அதே ஆயாதான் தன் தாத்தா வட ஆற்காட்டில் கொட்டாங்கச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்த கதையை, கண்ணில் நீர் வர, எனக்குச் சொன்னவர். ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்களின் பட்டியலில் பெயர், வயது, ஊர் என்பதோடு சாதிக்கும் ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியில் என்ன எழுதப்பட்டதோ அதிலிருந்து தப்பித்து வந்ததாகத்தான் ஆயா நினைத்திருந்தார்.

அப்படியானால் இஷிகுரோதானே சரியான தேர்வு என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழக்கும் முறையைச் சொல்வதில் இதற்கு இணை இல்லை. ஆனால் அந்த நாவலில் படிகள் இரண்டே இரண்டு, கொடுப்பவர்கள், வாங்குபவர்கள். வாங்குபவர்கள் கதைக்குள் அனேகமாக வருவதே இல்லை. வாசிக்கிற நாமோ முதல் பக்கத்திலிருந்தே கேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். எங்கள் வீட்டுக் கதையில் நான் கேத்தி இல்லை. குவளை தொங்கிய வீட்டின் பிள்ளை நான்.

சரி, நாலாவதுக்கு வருவோம். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்', 1932. ஒரு தகவல், ஹக்ஸ்லி ஈட்டன் பள்ளியில் கொஞ்ச காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தபோது அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் பிற்காலத்து ஜார்ஜ் ஆர்வெல். '1984' வந்ததும் ஹக்ஸ்லி அவருக்குக் கடிதம் எழுதினார். வருங்கால ஆட்சியாளர்கள் மிதித்து ஆள்வதைவிட, அடிமைத்தனத்தை மக்களே விரும்பும்படி பழக்கி ஆள்வதைத்தான் சுலபமாகக் காண்பார்கள் என்பது அவருடைய வாதம். எங்கள் செவிலிப் பெண்ணின் கேள்விக்கு மிகப் பக்கத்தில் நிற்கிற வாதம் இது.

நாவலில் மனிதர்கள் பிறப்பதில்லை, லண்டனில் ஒரு நிலையத்தில் புட்டிகளில் தயாராகிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து படி. கீழ்ப்படிக் கருக்களை ஒன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை ஒரே அச்சாகப் பிரித்து எடுப்பார்கள், எப்சிலானுக்கு ஆக்சிஜனைக் குறைத்து மூளையை மட்டுப்படுத்துவார்கள். ஆல்ஃபாவுக்குச் சாம்பல் நிற உடை, காமாவுக்குப் பச்சை, டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலானுக்குக் கறுப்பு. எட்டு மாத டெல்டாக் குழந்தைகள் தவழ்ந்து போய்ப் புத்தகத்தையும் பூவையும் தொடும்போது சைரன் அலற வைத்து, தரையில் மின்சாரம் பாய்ச்சுகிற காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். இருநூறு தடவை இப்படிச் செய்தால் ஆயுசுக்கும் அந்தக் குழந்தைக்குப் புத்தகமும் ஆகாது, பூவும் ஆகாது.

எல்லாரும் அந்த மின்சாரத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருகிற அறைதான் முக்கியம். எண்பது கட்டில், சன்னல் சாத்திய கூடம், பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குரல் முணுமுணுக்கிறது. பாடத்தின் பெயர் வர்க்க உணர்வு, ஆரம்ப நிலை. பீட்டாக் குழந்தைகளுக்கான பாடம் அது. டெல்டாப் பிள்ளைகளோடு நான் விளையாட மாட்டேன், எப்சிலான் அதைவிட மோசம், ஆல்ஃபாக்கள் ரொம்பப் புத்திசாலிகள் ஆனால் பாவம் ரொம்ப உழைக்கிறார்கள், நான் பீட்டாவாக இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம். இதை ஒரு வேளைக்கு நூற்றிருபது தடவை, வாரத்துக்கு மூன்று வேளை, முப்பது மாதம் சொல்கிறார்கள்.

இந்தப் பாடம் நடுப்படிக்காரனுக்கானது என்பதைக் கவனியுங்கள். மேலே பார்த்துப் பொறாமைப்படாதே, கீழே பார்த்து ஆறுதல் அடை. வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர், ஆப்பிரிக்கர் என்று அரசாங்கம் எங்களை அடுக்கியபோது எங்களுக்குக் கிடைத்த பாடம் எழுத்து பிசகாமல் இதுதான். பள்ளிக்கூடத்துக்குச் செலவழித்த பணத்தில் படி இருந்தது, முதியோர் உதவித்தொகையில் படி இருந்தது, அது எல்லோருக்கும் ஒன்றானது 1993இல்தான். இந்தியருக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் ஒரு தனிக் கல்லூரி. 1984இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று அவை கொண்ட நாடாளுமன்றம், நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அதில் ஓர் அவையும் கிடையாது. நம்மவர்களில் மிகச் சிலரே அந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்பதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். ஆனால் வாக்குச் சாவடிக்குப் போகாத வீட்டின் பின்வாசலிலும் ஆணியில் குவளை தொங்கியது. சாட்ஸ்வொர்த்தையே ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்பு, மறுபக்கம் உம்லாசி என்று நடுவில்தான் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இது பழைய கதை இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனின் இன்னோர் இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸில் நம்மவர்கள் சாலையை மறித்து நின்றபோது என்ன நடந்தது என்று அவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே பார்த்தவர்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பயம் இருந்தது, கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை, எல்லாம் உண்மை. அந்தப் பயம் யாரைப் பார்த்து உடனே யாரென்று முடிவு செய்தது என்பதை நாங்கள் இதுவரை வட்டத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

நாவலில் இன்னோர் இடம். லெனினா என்ற பெண்ணும் அவள் நண்பன் ஹென்றியும் சாயங்காலம் ஹெலிகாப்டரில் பறக்கிறார்கள், கீழே தகன மண்டபம், செத்த உடம்பிலிருந்து பாஸ்பரஸ் எடுக்கும் புகைபோக்கிகள். செத்தபின் ஆல்ஃபாவும் எப்சிலானும் ஒரே அளவு பாஸ்பரஸ்தான் என்ற பேச்சு வருகிறது. எப்சிலான்களுக்குத் தாங்கள் எப்சிலான் என்பதில் வருத்தம் இருக்காதுதானே என்று லெனினா கேட்கிறாள். இருக்காது, நீ எப்சிலானாக இருந்தால் பீட்டாவாகவோ ஆல்ஃபாவாகவோ பிறக்கவில்லையே என்று நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய் என்கிறான் ஹென்றி. இந்தப் பேச்சுக்கு நடுவில் அவளுக்குச் சின்ன வயதில் ஒரு நாள் நள்ளிரவில் விழித்துக்கொண்டது நினைவு வருகிறது, தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அந்த முணுமுணுப்பை அன்றைக்குத்தான் முதல் தடவையாக விழித்திருந்து கேட்டிருக்கிறாள். ஒரு கணம்தான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. எங்கள் வயதில் இருக்கிற ஐந்து பேரும் அப்படி ஒரு ராத்திரியைச் சொல்ல முடியுமானால் அந்தப் பெண்ணுக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்காது.

ஜான் என்ற இளைஞனின் அம்மா லிண்டாவையும் மறக்க முடியாது. பீட்டாப் பெண், பழைய முறையில் வாழும் மக்களை அடைத்து வைத்த, வேலி போட்ட ஒதுக்கிடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கிறாள். மகன் ரசாயனம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் புட்டியிலிருந்து என்கிறாள், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். எல்லாம் போன பிறகும் பீட்டா என்ற பெருமை மட்டும் போகவில்லை. அந்த ஒதுக்கிடத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், மலை என்றும் பள்ளம் என்றும் பாராமல் நேர்கோட்டில் ஓடும் அதன் வேலியில் அறுபதாயிரம் வோல்ட். வரைபடத்தில் கோடு கிழித்து மக்களை உள்ளே தள்ளிய நாட்டில் வாழ்ந்தவர்கள் இந்தப் பக்கங்களை லண்டன்காரர் வாசிப்பது போல வாசிக்க மாட்டார்கள்.

குறைகளையும் மறைக்கப் போவதில்லை. கீழ்ப்படி வேலைக்காரர்களை விவரிக்கும்போது ஹக்ஸ்லி சில இடங்களில் கறுப்புத் தோலையும் குரங்குச் சாயலையும் கொண்டுவருகிறார். அந்தக் காலத்து ஆங்கிலேயரின் கண் அது, அவர் கேள்வி கேட்கிற அடுக்கை அவர் கையே ஒரு பக்கம் வரைந்துகொண்டிருக்கிறது. ஒதுக்கிடத்துச் செவ்விந்திய மக்களை அழுக்கும் சவுக்கடியுமாகக் காட்டியதும் எனக்கு ஒப்பவில்லை. பெண்களில் ஒருத்தியைக்கூட ஆல்ஃபாவாகக் கண்முன் நிறுத்தவில்லை. இதையெல்லாம் தாண்டி வாசிப்போம் என்று நான் சொல்லவில்லை, அங்கேயே நின்று வாசிப்போம். அந்தப் பக்கங்கள் வரும் சனிக்கிழமை பிள்ளைகள் கோபப்படுவார்கள், கோபப்படட்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புட்டியிலேயே மூளையைக் குறைத்துவிடுவதால், எப்சிலானுக்கு நிஜமாகவே அவ்வளவுதான் முடியும் என்று வாசகர் எளிதாக நம்பிவிடலாம். இங்கே நடந்தது வேறு, குழந்தைகள் முழு மூளையோடுதான் பிறந்தார்கள், பிறந்த பிறகு குறைத்தார்கள். இந்த வித்தியாசத்தை யாராவது எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு உதவியாக நாவலிலேயே சைப்ரஸ் சோதனை வருகிறது. இருபத்திரண்டாயிரம் ஆல்ஃபாக்களை மட்டும் ஒரு தீவில் குடிவைக்கிறார்கள், ஆறு ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர், பத்தொன்பதாயிரம் பேர் சாகிறார்கள். கீழ்வேலை செய்ய யாருக்கும் மனமில்லை. அதனால் அடுக்கு அவசியம் என்று முஸ்தஃபா மாண்ட் என்ற ஆட்சியாளர் வாதிடுகிறார். அவரை எதிர்த்து வாதிடுவதற்கே ஒரு வாரம் ஒதுக்கலாம். தோட்டத்தில் கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நம் மக்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. மாதம் பத்து ஷில்லிங், வருஷக் கணக்கில் ஒப்பந்தம். மாண்டின் வாதத்தை நம் மக்கள் முதுகில் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் காசு விஷயம். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து ஐம்பது ஆண்டு வரைதான் காப்புரிமை. ஆர்வெல் 1950இலும் ஹக்ஸ்லி 1963இலும் இறந்தார்கள், ஆக இருவரையும் தயக்கமில்லாமல் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். இஷிகுரோவையும் பியூக்ஸையும் பதினோரு பிரதி வாங்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிற வட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நீளத்தைப் பார்த்தாலும் ஹக்ஸ்லிக்கு 18 அத்தியாயம், வாரத்துக்கு மூன்று என்று கச்சிதமாக வரும். '1984'க்கு 24, நடுவில் அந்தத் தடை செய்யப்பட்ட புத்தகம் வேறு மெதுவாக நகரும்.

என் முடிவு ஹக்ஸ்லி. உங்கள் வட்டம் வேறு மாதிரி இருந்தால் முடிவும் மாறும். முழுக்க இருபது வயதுக்காரர்கள் என்றால் பியூக்ஸ். அரசாங்கம், போலீஸ், பொய் ஆவணம் இவைதான் உங்கள் மனதை அரிக்கிறது என்றால் ஆர்வெல். தனியாக ஒருவர் ராத்திரி வாசிக்க ஒரே புத்தகம் என்று கேட்டால் இஷிகுரோவைத்தான் கொடுப்பேன், அந்த அமைதி கூட்டத்தில் கலைந்துபோகும். ஆனால் இரண்டு தலைமுறை ஒரே அறையில் உட்கார்ந்து, நடுப்படியில் நின்றவர்களின் கதையைப் பேச வேண்டும் என்றால், பீட்டாக் குழந்தையின் தலையணைக்கடியில் கேட்கும் குரலை எழுதிய புத்தகம் இந்த நாலில் இது ஒன்றுதான்.

முதல் சனிக்கிழமைக்கு முதல் மூன்று அத்தியாயம், பிரதிகள் வியாழக்கிழமையே மண்டபத்தில் இருக்கும். மூத்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கி அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். எண்பது கட்டில் இருக்கிற அந்த அறையை, இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை, நான் சத்தமாக வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் முதலில் குழாயடிக் குவளையைப் பற்றி நானே சொல்கிறேன், அதற்கப்புறம் மற்ற நாலு பேரும் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்ட பெண்ணை எனக்கு எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.